அக்காவுக்கு 50: டிராகன்ஸ்பர்க் மலையில் ஒரு வார இறுதி, யோசனை சொல்லுங்கள்

டர்பன்_நெல்லையன் (ஆகஸ்ட் 11)

மக்களே, வணக்கம். இத்தனை நாள் படித்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தேன், இப்போது எனக்கே உதவி தேவைப்படுகிறது.

அக்காவுக்கு வருகிற செப்டம்பர் 26 சனிக்கிழமையோடு 50 வயது முடிகிறது. 24 வியாழன் ஹெரிடேஜ் டே, வெள்ளி ஒரு நாள் லீவு போட்டால் ஞாயிறு வரை நான்கு நாள். அக்கா ஜோகன்னஸ்பர்க் பக்கம் மிட்ராண்டில், நான் டர்பனில், தம்பி கேப்டவுனில். மூன்று பேரும் ஒரே தென்னாப்பிரிக்காவில் இருக்கிறோம் என்று பெயர்தான், மூன்று பேரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டது கடைசியாக அப்பா காரியத்தில், அதுவும் பாளையங்கோட்டையில், ஐந்து வருடம் ஆகிறது.

என் திட்டம் இதுதான். டர்பனுக்கும் ஜோபர்க்குக்கும் நடுவில் டிராகன்ஸ்பர்க்கின் வடக்குப் பக்கம், பெர்க்வில் தாண்டி, பெரிய வீடாக ஒன்று எடுப்பது. செல்ஃப் கேட்டரிங். மூன்று குடும்பமும் சேர்த்துப் பதினொரு பேர். அக்காவுக்குத் தெரியாமல் ஏற்பாடு செய்து, அத்தான் ஏதோ சாக்குச் சொல்லி அழைத்து வந்துவிட, கதவைத் திறந்தால் நாங்கள் எல்லோரும் நிற்கிறோம். வியாழக்கிழமை ராத்திரி ஒரு நல்ல பிராய், அதாவது வெளியே கரி அடுப்பில் கறி சுடுவது, ஆட்டுக்கறி, பூர்வோர்ஸ் சாசேஜ், சனிக்கிழமை கேக். செலவு முழுக்க என்னுடையது, ஏனென்றால் தம்பிக்கு ஜூனோடு கான்ட்ராக்ட் முடிந்து இன்னும் வேறு வேலை அமையவில்லை.

எந்த இடம் நல்லது, அந்தச் சமயம் குளிர் எப்படி, சாலை எப்படி, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மிட்ராண்ட்_மீனா

ஒரே ஒரு கேள்வி. செல்ஃப் கேட்டரிங் என்று போட்டிருக்கிறீர்களே, அந்த "செல்ஃப்" யார்?

கிண்டலுக்குக் கேட்கவில்லை. என் 40-வது பிறந்தநாளுக்கு அண்ணன்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஹார்ட்பீஸ்பூர்ட் அணைப் பக்கம் இதே மாதிரி ஒரு வீடு எடுத்தார்கள். பதினான்கு பேர். மலர் தோரணம், பலூன், எல்லாம் உண்டு. காலையில் பதினான்கு பேருக்கு இட்லி யார் ஊற்றியது என்று நினைக்கிறீர்கள்? வீட்டில் இருந்தால் நான்கு பேருக்குத்தான் சமைத்திருப்பேன், அதுவும் என் அடுப்பில், என் கத்தியில். அங்கே இருந்த கத்தியில் தக்காளி நசுங்கியதே தவிர அறுபடவில்லை. கேக் வெட்டும்போது என் கையில் வெங்காய வாசனை. போட்டோவில் எல்லோரும் சிரிக்கிறார்கள், நான் மட்டும் குக்கர் இருக்கிற திசையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், எத்தனை விசில் ஆச்சு என்று.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. யாரும் என்னைச் சமைக்கச் சொல்லவும் இல்லை. பசிக்குது என்று ஒரு குழந்தை சொன்னதும் பதினான்கு தலையும் என் பக்கம் திரும்பியது, அவ்வளவுதான்.

பிரிட்டோரியா_மாமா

தம்பி, சாலை பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றதற்கு நான் ஆள் இல்லை. ஜோபர்க்கிலிருந்து வருகிறவர்கள் என்3 நெடுஞ்சாலையில் டி ஹூக், வில்கே இரண்டு டோல் கட்டி ஹாரிஸ்மித் வரை வந்து, அங்கே ஆர்74-இல் திரும்பி ஸ்டெர்க்ஃபோன்டைன் அணையை ஒட்டி ஒலிவியர்ஷூக் கணவாய் இறங்கினால் பெர்க்வில். வேன் ரீனன் கணவாயே வேண்டாம், லாரித் தொல்லை இல்லை, ஆனால் குழி இருக்கும், இருட்டில் ஓட்டாதே. டர்பனிலிருந்து நீ வந்தால் மரியன்ஹில், மூய் ரிவர் இரண்டு டோல், அப்புறம் வின்டர்டன் வழி. ரெண்டு பக்கமும் பாதிப் பாதி என்று சொல்ல முடியாது, உனக்குக் கொஞ்சம் கிட்டே.

செப்டம்பர் கடைசி வசந்தகாலம்தானே என்று ஸ்வெட்டர் இல்லாமல் போகாதே. 2024 செப்டம்பர் 20 ராத்திரி கொட்டிய பனியில் ஹாரிஸ்மித், வேன் ரீனன் பக்கம் என்3-ஐயே மூடிவிட்டார்கள், ஜனங்கள் விடிய விடிய வண்டிக்குள்ளேயே கிடந்தார்கள். ஒவ்வொரு வருடமும் அப்படி ஆகாது. ஆனாலும் வண்டியில் கம்பளி, தண்ணீர், பட்கோஸ் என்கிற வழிச் சாப்பாடு வைத்துக்கொள். டேங்க் பாதிக்குக் கீழே போக விடாதே.

அப்புறம் ஒன்று. எங்கள் காலத்தில் 50-க்கு எல்லாம் விழா கிடையாது. 60 வரட்டும், திருக்கடையூர் போங்கள்.

சாட்ஸ்வொர்த்_பேத்தி

அண்ணா, மன்னிக்கணும், என் தமிழில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், நான் கோயில் வகுப்பில் கற்றவள், 1860-க்குப் பிறகு கப்பலில் வந்தவர்களின் ஐந்தாம் தலைமுறை.

செப்டம்பர் 24-இல் பிராய்? ஆட்டுக்கறி? அண்ணா, அது புரட்டாசி!

எங்கள் வீட்டில் அந்த மாதம் முழுக்கக் கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது. ஒவ்வொரு வருடமும் இதே சண்டைதான். நாடே பிராய் டே என்று 24-ஆம் தேதி கரியைப் பற்றவைக்கும், ஆர்ச்பிஷப் டூட்டுவே 2007-இல் அதற்குப் புரவலர் ஆனார், பக்கத்து வீட்டிலிருந்து ஆட்டு சாப்ஸ் வாசனை வேலி தாண்டி வரும், நாங்கள் சோளம், பட்டர்நட் பூசணி, கத்திரிக்காய் வாட்டிக்கொண்டு கோவிந்தா கோவிந்தா என்று உட்கார்ந்திருப்போம். என் தாத்தா அன்றைக்கு ஜன்னலை எல்லாம் சாத்திவிடுவார். உங்கள் அக்கா புரட்டாசி பிடிப்பார்களா? சனிக்கிழமை வேறு.

இங்கே 50 என்றால் ஹால் எடுத்து, டிஜே வைத்து, பெரிய பானையில் பிரியாணி. 21-க்கு மரத்தில் பெரிய சாவி செய்து கொடுப்பார்கள், 50-க்குக் கொடுக்க ஒன்றும் இல்லை, அதனால் சாப்பாடுதான் கொடுக்கிறோம் என்று அம்மா சொல்வார்.

டர்பன்_நெல்லையன்

ஐயோ. புரட்டாசியை முழுசாக மறந்துபோனேன். அக்கா சனிக்கிழமை விடாமல் பெருமாளுக்குத் தளிகை போடுகிறவள். அன்றைக்கு மத்தியானம் வரை பச்சைத் தண்ணீர் மட்டும்தான். எனக்குத் தெரியாததா, கூடவே வளர்ந்தவன்தானே, ஆனால் டர்பன் வந்த பிறகு அந்தப் பழக்கம் எனக்கு விட்டுப்போனதில் அவளுக்கும் விட்டுப்போயிருக்கும் என்று மனசு எப்படியோ நினைத்துக்கொண்டது.

மீனா மேடம், நீங்கள் எழுதியதை மூன்று தடவை படித்தேன். யார் சமைப்பது என்று நான் யோசிக்கவே இல்லை. இல்லை, பொய் சொல்லக்கூடாது. யோசித்தேன், "அக்கா பார்த்துக்குவா" என்று யோசித்தேன்.

மிட்ராண்ட்_மீனா

இதை எழுதிவிட்டீர்களே, அதற்கே ஒரு கும்பிடு. எங்கள் அண்ணன் இன்னும் "நீ ஆசைப்பட்டுத்தானே சமைச்ச" என்கிறான்.

ரகசியத்தை விட்டுவிட்டு அக்காவிடமே கேளுங்கள். 50 வயதுப் பெண்ணுக்குக் கதவைத் திறந்ததும் பதினொரு பேர் கத்துவது சந்தோஷமா, நெஞ்சுவலியா என்று அவளைத்தான் கேட்கவேண்டும்.

பிரிட்டோரியா_மாமா

கேட்டால் "எனக்கு ஒண்ணும் வேணாம்ப்பா" என்றுதான் சொல்லுவாள். எல்லா அக்காக்களும் அப்படித்தான்.

மிட்ராண்ட்_மீனா

மாமா, அதற்கு அப்புறமும் போனை வைக்காமல் இருக்கவேண்டும். அங்கேதான் எல்லோரும் வைத்துவிடுகிறார்கள்.

டர்பன்_நெல்லையன் (ஆகஸ்ட் 14)

கேட்டேன். மாமா சொன்னது அச்சு அசல், "எனக்கு எதுக்குடா இதெல்லாம், காசு கொட்டிக் கிடக்கா" என்றாள். மேடம் சொன்னபடி போனை வைக்கவில்லை. சும்மா இருந்தேன். அவளும் சும்மா இருந்தாள். பின்னால் டிவியில் ஏதோ சீரியல் ஓடுவது கேட்டது. அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள், "நாம மூணு பேர் மட்டும் போலாமாடா?"

மூன்று பேர் மட்டும் என்றால், அத்தான் இல்லை, பிள்ளைகள் இல்லை, என் மனைவி இல்லை, தம்பி மனைவி இல்லை. "அம்மா வீட்டுல இருந்த மாதிரி" என்றாள். இன்னொரு நிபந்தனையும் போட்டாள், கரண்டியைத் தொடமாட்டாளாம். புரட்டாசித் தளிகையும் நாங்கள்தான் போடவேண்டுமாம்.

எனக்கு உடனே சரி என்று சொல்லத்தான் தோன்றியது, சொல்லிவிட்டேன். சொல்லி அரை மணி நேரம் கழித்துத்தான் வீட்டில் இதை எப்படிச் சொல்வது என்ற கவலை வந்தது. என் மனைவியும் அக்காவும் நல்ல மாதிரி, அதனால்தான் இன்னும் கஷ்டம். ஆகாதவர்களாக இருந்தால் சுலபமாகச் சொல்லியிருப்பேன்.

பிரிட்டோரியா_மாமா

இது சரியில்லை தம்பி. கல்யாணம் ஆனபிறகு குடும்பம் என்றால் எல்லாரும்தான். வீட்டுக்கு வந்த பெண்களை விட்டுவிட்டு நீங்கள் மட்டும் மலைக்குப் போனால் அந்தப் பெண்களின் வீட்டில் என்ன பேசுவார்கள்? உன் அத்தான் என்ன நினைப்பார்? முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஒரு பெண் தனியாக ஓட்டி வருவதா? இந்த நாட்டிலா?

மிட்ராண்ட்_மீனா

மாமா, மிட்ராண்டில் தினமும் காலை ஏழு மணிக்கு என்1-இல் வண்டி ஓட்டுகிறவளுக்கு ஹாரிஸ்மித் ஒரு பொருட்டே இல்லை. விடிந்து கிளம்பட்டும், பெரிய பெட்ரோல் நிலையத்தில் மட்டும் நிறுத்தட்டும், போனில் லொகேஷனை ஓட விடட்டும். அவ்வளவுதான்.

மூன்று பேர் மட்டும் என்பதில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. நாம் எல்லோரும் ஒருத்தருக்கு அம்மா, ஒருத்தருக்கு மனைவி, ஒருத்தருக்கு மருமகள். அக்காவாக மட்டும் இருந்து எத்தனை வருஷம் ஆகிறது அவளுக்கு? அதைத்தான் கேட்கிறாள்.

மரிட்ஸ்பர்க்_யாழ்

நான் இதில் இரண்டு பக்கமும் நிற்கிறேன். எங்கள் ஆட்கள் சண்டையால் நாலு நாட்டுக்குச் சிதறிப் போனவர்கள், அண்ணா கனடாவில், தங்கச்சி நோர்வேயில், சகோதரங்கள் ஒன்றாகச் சந்திக்கிறதே பத்து வருஷத்துக்கு ஒருக்கால். அப்படிச் சந்திக்கேக்க எல்லாரும் குடும்பத்தோட வருவினம், பிள்ளையள் சத்தம், ஒரு கதையும் முழுசாக் கதைக்க ஏலாது. கடைசி நாள் விமான நிலையத்தில், எல்லாரும் கழிவறைக்குப் போன நேரம், அண்ணாவும் நானும் ஒரு பதினைஞ்சு நிமிஷம் தனியக் கதைச்சம். அந்தப் பதினைஞ்சு நிமிஷம்தான் எனக்கு அந்தப் பயணத்தில் நினைவிருக்கு.

ஆனால் மனைவிக்கு முதலே சொல்லுங்கோ. முடிவு எடுத்திட்டு அறிவிக்கிறது வேற, சொல்லிக் கேட்கிறது வேற. நீங்கள் ஏற்கனவே அக்காவிடம் ஓம் எண்டு சொல்லிப்போட்டீங்கள், அதையும் ஒளிக்காமல் சொல்லுங்கோ.

டர்பன்_நெல்லையன் (ஆகஸ்ட் 17)

சொன்னேன். ஒரு நாள் முழுக்கப் பேச்சு இல்லை. பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும் கொஞ்சம் கூடுதலாக வந்தது. மறுநாள் சாயங்காலம் அவளே வந்து, "அக்கா கேட்டதுல எனக்கு வருத்தம் இல்ல, நீங்க கேக்காம தலையாட்டினதுலதான்" என்றாள். யாழ் ஐயா எழுதினதை அப்படியே வாசித்த மாதிரி இருந்தது. டிசம்பரில் அவளும் அவள் தங்கையும் பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டு மூன்று நாள் எங்கேயாவது போவார்கள், எங்கே என்று நான் கேட்கக்கூடாது. ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது.

அத்தானுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. கொஞ்சம் அதிகமாகவே பிரச்சினை இல்லை என்று அக்கா சொல்கிறாள்.

இப்போது இடம் சொல்லுங்கள். மூன்று பேர், அக்காவுக்கு இடது முழங்கால் கொஞ்சம் தொந்தரவு, தம்பிக்கு உயரம் பயம்.

மலையேறி

நீங்கள் எழுதுகிற பக்கத்தில் ராயல் நேட்டால் தேசியப் பூங்காவை விட்டு வேறு எதையும் யோசிக்காதீர்கள். வாசலில் நின்றாலே ஆம்பிதியேட்டர் தெரியும். ஐந்து கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே பாறைச் சுவர், ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம். ஜூலு மொழியில் இந்த மலைத்தொடருக்கு உகஹ்லாம்பா என்று பெயர், நிமிர்த்தி வைத்த ஈட்டி வரிசை என்பதுபோல ஒரு பொருள். விடியற்காலையில் வெயில் மேலே பட்டு மெல்லக் கீழே இறங்கும்போது பார்த்தால் ஏன் அந்தப் பெயர் என்று தெரியும். 2000-இலிருந்து உலகப் பாரம்பரியச் சின்னம், மலைக்காக மட்டும் இல்லை, இங்கத்து ஆதிக்குடிகளான சான் மக்களின் பாறை ஓவியங்களுக்காகவும் சேர்த்துத்தான்.

துகேலா பள்ளத்தாக்கு நடை போக ஏழு, வர ஏழு கிலோமீட்டர். பெரும்பகுதி சமதரை, முழங்கால் தாங்கும். கடைசியில் கற்களைத் தாண்டி ஆற்றுக்குள்ளேயே போகவேண்டும், ஒரு குடைவும் பக்கத்தில் ஒரு சங்கிலி ஏணியும் இருக்கும், தம்பியை அங்கே உட்கார வைத்துவிடுங்கள். மேலே பீடபூமிக்கு ஏறுகிற பெரிய சங்கிலி ஏணிகள் வேறு, அவை சென்டினல் சிகரத்தின் பக்கம், அது உங்களுக்கு வேண்டாம்.

ஒரு ஏமாற்றத்துக்கும் தயாராக இருங்கள். துகேலா அருவி 948 மீட்டர், உலகத்திலேயே மிக உயரமானவற்றில் ஒன்று என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் செப்டம்பரில் மழை தொடங்கியிருக்காது, பாறையில் ஈரக்கோடு மாதிரி இருக்கும். புல் எல்லாம் காய்ந்தோ, தீத்தடுப்புக்குக் கொளுத்திக் கறுப்பாகவோ கிடக்கும். எனக்கு அந்தக் கறுப்பில் முளைக்கிற பச்சைதான் பிடிக்கும், அது அவரவர் ருசி.

பபூன் குரங்கு! சமையலறை ஜன்னலைத் திறந்து வைக்காதீர்கள். எச்சரிக்கைப் பலகையைப் பார்த்துச் சிரிப்பவர்கள்தான் பிறகு ரொட்டியைத் தேடுவார்கள்.

செப்டம்பர் கடைசியில் பள்ளி விடுமுறையும் சேர்ந்துகொள்ளும், இன்றைக்கே புக் பண்ணுங்கள்.

சாட்ஸ்வொர்த்_பேத்தி

முட்டையில்லாத கேக் டர்பனிலேயே வாங்கிக்கொண்டு போங்கள் அண்ணா, ஓவர்போர்ட் பக்கம் கிடைக்கும். பெர்க்வில்லில் தேடாதீர்கள். மடும்பிக் கிழங்கு கிடைத்தால் நாலு எடுத்துக்கொள்ளுங்கள், வேகவைத்து உப்பு போட்டால் போதும், சமைக்கத் தெரியாத ஆண்களுக்கு ஏற்றது. விக்டோரியா தெரு மார்க்கெட்டில் மாமியாரை ஒழிக்கும் மசாலா என்று ஒன்று விற்பார்கள், அதை மட்டும் தொடாதீர்கள், பெருமாளே ஓடிவிடுவார்.

மரிட்ஸ்பர்க்_யாழ்

செலவு விஷயம் ஒண்டு. தம்பிக்கு வேலை இல்லை எண்டு முழுக்க நீங்களே போடாதேங்கோ. பெட்ரோலாவது அவர் போடட்டும். இல்லாட்டி மூண்டு நாளும் அவர் விருந்தாளி மாதிரி இருப்பார்.

டர்பன்_நெல்லையன் (செப்டம்பர் 29)

வந்துவிட்டோம். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதன் ராத்திரி தம்பி கிங் ஷாகா விமான நிலையத்தில் இறங்கினான். வியாழன் காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். மூய் ரிவர் வரை பனிமூட்டம், அப்புறம் பளிச்சென்று வெயில். நாங்கள் போய்ச் சேரும்போது அக்கா எங்களுக்கு முன்னால் வந்து வண்டி பானெட்மேல் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள், மாமா, ஒலிவியர்ஷூக்கில் ஒரு குழியில்கூட இறங்கவில்லையாம். டிக்கியைத் திறந்தால் ஐந்து டப்பா. பருப்புப்பொடி, தட்டை, மாவடு, ஏதேதோ. "கரண்டியைத் தொடமாட்டேன்னு சொன்னியே" என்றால், "சமைக்க மாட்டேன்னுதான் சொன்னேன், கொண்டுவர மாட்டேன்னா சொன்னேன்?" என்கிறாள்.

தங்கிய வீட்டின் பெயர் சொல்லமாட்டேன், ஏனென்றால் விளம்பரத்தில் இருந்த நான்கு அடுப்பில் இரண்டுதான் எரிந்தது, சொன்னதற்கு "எல்லாரும் பிராய்தானே போடுவாங்க" என்று பதில் வந்தது. அன்றைக்கு ராத்திரி சோளமும் பட்டர்நட்டும் கத்திரிக்காயும் வாட்டினோம். பக்கத்து வீடுகளில் எல்லாம் ஆட்டு சாப்ஸ். பேத்தி தங்கச்சி, உங்கள் தாத்தாவை நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை துகேலா பள்ளத்தாக்கு. அருவி மலையேறி சொன்ன மாதிரிதான், ஈரக்கோடு. அக்கா அதை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "குத்தாலத்துல சீசன் இல்லாதப்ப மெயின் அருவி இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டாள். முழங்கால் வலி பற்றி ஒரு வார்த்தை இல்லை, இரண்டு தடவை உட்கார்ந்தது நான். சங்கிலி ஏணிக்கு வந்ததும் தம்பி, "நான் பைகளைப் பாத்துக்கறேன்" என்றான். மூன்று பைதான், அதையும் நாங்கள் முதுகில் போட்டிருந்தோம். அக்கா துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, டேக்கீஸ் என்கிற கேன்வாஸ் ஷூவைப் போட்டுக்கொண்டு, விறுவிறுவென்று ஏறினாள். சின்ன வயதில் வேப்பமரத்தில் ஏறி அம்மாவிடம் அடி வாங்கியவள் என்பதை மறந்தே போயிருந்தேன். மேலே போய்த் தண்ணீரில் காலை வைத்ததும் கத்தினாள் பாருங்கள், பள்ளத்தாக்கு முழுக்க எதிரொலித்தது. அப்படி ஒரு குளிர்.

சனிக்கிழமைதான் விஷயமே. தினமும் நாலே முக்காலுக்கு எழுகிறவள், ஒன்பது மணி ஆகியும் கதவு திறக்கவில்லை. நானும் தம்பியும் கதவுக்கு வெளியே நின்று குசுகுசுவென்று பேசிக்கொண்டோம், உடம்பு சரியில்லையோ, தட்டலாமா வேண்டாமா என்று. ஒன்பது நாற்பதுக்கு எழுந்து வந்து, "என்னடா ரெண்டு பேரும் கதவுகிட்ட நிக்கிறீங்க" என்றாள். தூக்கம், வேறு ஒன்றும் இல்லை.

தளிகை மெனு: சர்க்கரைப் பொங்கல், புளியோதரை, சுண்டல், தயிர்சாதம். புளியோதரைக்குப் புளிக்காய்ச்சல் என் மனைவி பாட்டிலில் போட்டுக் கொடுத்திருந்தாள், மேலே ஒரு சீட்டு, "ஆறின சோத்துல போடவும், இதையாவது ஒழுங்கா செய்யவும்." எரிந்த இரண்டு அடுப்பில் ஒன்றில் சோறு, ஒன்றில் பொங்கலுக்குப் பருப்பு. அக்கா வெளியே திண்ணையில், இங்கே ஸ்டூப் என்பார்களே, அதில் நாற்காலியைப் போட்டு மலையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். உள்ளே இருந்து நாங்கள், "அக்கா, வெல்லம் எவ்வளவு? அக்கா, கொண்டைக்கடலை வெந்துச்சான்னு எப்படிப் பாக்கறது?" ஒவ்வொன்றுக்கும் ஒரே பதில், "என்னைக் கேக்காத." கடைசியில் நான் கோபத்தில், "சரி, கிச்சன் விஷயத்துல நீ ஒரு வார்த்தை பேசக்கூடாது" என்று சொல்லிவிட்டேன். "சரி" என்றாள்.

கொஞ்ச நேரத்தில் ஒரே புகை, தம்பி ஜன்னலைத் திறந்தான். ஆமாம் மலையேறி, அந்த ஜன்னல்தான். நான் சுண்டலைத் தாளித்து ஜன்னலோரம் வைத்துவிட்டுத் திரும்பி உப்பைத் தேடுகிறேன், பின்னால் ஒரு சத்தம். பபூன் என்றால் ஏதோ நம் ஊர்க் குரங்கு அளவு என்று நினைத்திருந்தேன். நாய் மாதிரி இருந்தது, தோள் இரண்டும் பயில்வான் மாதிரி. எங்களை ஒரு பார்வை பார்த்தது, அவசரமே இல்லை. வாழைப்பழச் சீப்பை ஒரு கையில், வெல்லப் பையை இன்னொரு கையில் எடுத்துக்கொண்டு, சுண்டல் பாத்திரத்தைத் தட்டிவிட்டு, வந்த வழியே போய்விட்டது. தம்பி குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் நுழைய முயற்சி செய்துகொண்டிருந்தான்.

வெளியே ஓடிப் பார்த்தால் அக்கா தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். அது மரத்திலிருந்து இறங்கி, புல்வெளியைத் தாண்டி, ஜன்னல் வரை நடந்து வந்ததை முழுக்கப் பார்த்திருக்கிறாள். "ஏன் சொல்லல?" என்றால், "கிச்சன் விஷயத்துல ஒரு வார்த்தை பேசக்கூடாதுன்னு நீதானேடா சொன்ன!" அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "விடு, சனிக்கிழமை, ஆஞ்சநேயர் பங்கு" என்றாள்.

ஆக, பெருமாளுக்கு அன்றைக்குப் புளியோதரை, தயிர்சாதம், பேத்தி சொன்ன மடும்பி நாலு. பொங்கல் இல்லை. கேக் பெட்டிக்குள் இருந்ததால் பிழைத்தது, சாயங்காலம் வெட்டினோம். மூன்று பேர் பாடினால் பிறந்தநாள் பாட்டு எவ்வளவு மெல்லிசாகக் கேட்கிறது தெரியுமா, நடுவில் தம்பிக்குச் சிரிப்பு வந்து நிறுத்திவிட்டான்.

ராத்திரி கணப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது அக்கா கேட்டாள், "நான் கல்யாணம் ஆகி இங்க கிளம்பினப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" இருபத்து மூன்று வருடத்தில் அவளும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. நான் ஏதோ பெரிதாகச் சொல்ல யோசித்துக்கொண்டிருந்தேன், தம்பி பட்டென்று, "உன் மேசை எனக்கு வந்துச்சு, சந்தோஷமா இருந்துச்சு" என்றான். அப்போது அவனுக்குப் பதினாறு. அக்கா அவனையே பார்த்தாள். "அந்த மேசை டிராயர்ல முந்நூறு ரூவா வச்சிட்டு வந்தேன், அம்மாகிட்ட கேட்டா இல்லைன்னுட்டா." தம்பி தலையைக் குனிந்துகொண்டான். "கிரிக்கெட் பேட் வாங்கினேன்." அப்புறம் ரொம்ப நேரம் கழித்து, "அந்த பேட்டுல நான் ஒரு மேட்ச்கூட ஆடல, வீட்லயே வச்சிருந்தேன்" என்றான்.

அதற்குமேல் பேசியதை இங்கே எழுதவில்லை.

மிட்ராண்ட்_மீனா

ஒன்பது நாற்பது! அந்த இடத்தில்தான் எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொன்னால் சிரிப்பீர்கள். என் அண்ணன்களுக்கு இந்த இழையை அனுப்பிவிட்டேன், ஒன்றும் எழுதாமல், சும்மா.

மலையேறி

எச்சரிக்கைப் பலகை இருந்ததா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள்.

டர்பன்_நெல்லையன்

இருந்தது. அந்த ஜன்னலுக்கு மேலேயே.

பிரிட்டோரியா_மாமா

உன் அக்காவுக்கு என் வாழ்த்துகளைச் சொல். ஒலிவியர்ஷூக்கில் எந்தப் பக்கம் ஒதுங்கி ஓட்டினாள் என்று கேட்டுச் சொல், நவம்பரில் நான் போகவேண்டியிருக்கிறது.

கேப்டவுன்_கடைக்குட்டி (புதிய உறுப்பினர்)

வணக்கம். அந்தத் தம்பி நான்தான், அண்ணி லிங்க் அனுப்பினாங்க. சில திருத்தங்கள். ஜன்னலைத் திறந்தது நான், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் ஏன் திறந்தேன் என்பதை அண்ணன் நைசாக விட்டுவிட்டான். புகை ஏதோ தானாக வந்த மாதிரி எழுதியிருக்கிறான். பொங்கல் பருப்பை அடுப்பில் வைத்துவிட்டு ஆபீஸ் மெயில் பார்த்துக்கொண்டிருந்தான், அடிப்பிடித்துக் கரியாகிவிட்டது. பபூன் வெல்லத்தை எடுக்காமல் இருந்திருந்தாலும் அன்றைக்குப் பொங்கல் கிடையாது. அந்தப் பாத்திரத்தை ஞாயிற்றுக்கிழமை காலையில் முக்கால் மணி நேரம் தேய்த்தது நான்.

குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் நான் நுழையவில்லை, பக்கத்தில்தான் நின்றேன்.

போகவர பெட்ரோல் நான் போட்டேன். அதையும் எழுதவில்லை.